எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்

ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் ஒரு ரகம். அவர்களால் பெரிய தொந்தரவில்லை. கேட்டதைச் சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு ரகம். தன்னிடம் ஒரு ரகசியம் இருக்கிறது என்பதை ஊர் முழுக்கத் தெரியப்படுத்திவிட்டு, அது என்ன என்று கேட்டால் வாயைப் பூட்டிக்கொள்கிறவர். ரகசியக் காவலர் என்று இவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன். எல்லா ஊரிலும் இருப்பார் என்றாலும், எங்கள் நெவாடாப் பாலைவனத்தில், அபூர்வச் செடி என்றால் சாப்பாட்டை மறந்து கிளம்புகிற கூட்டத்தின் நடுவில், இவர் தண்ணீர்கூட இல்லாமல் செழித்து வளர்கிறார்.

எங்கள் ஊர் டன்மோர் ஃபிளாட்டில் இந்தப் பதவி ஆர்வில் டிங்லிக்கு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருடைய ரகசியம் காட்டு பக்வீட் என்கிற ஒரு செடி. பக்வீட் தானிய மாவில் அப்பம் சுடுகிறவர்கள் ஏமாற வேண்டாம், பெயரில்தான் உறவு. வெள்ளை வெளேரென்ற களிமண் மேட்டில், சேஜ் புதர்கூட எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்ட இடத்தில், தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். யாரோ சாம்பல் நிறக் கம்பளிக் குல்லாயைத் தவறவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஜூன் மாதத்தில் குச்சிக் காம்புகளின் நுனியில் வெளிர்மஞ்சள் உருண்டைகளாகப் பூத்து, கோடை முடிகிறபோது துரு நிறத்துக்கு மாறும். அந்த ஒரு மேட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. விதை முளைப்பதே அபூர்வம். முளைத்த கன்று ஓர் அரிசி பருமன்கூட இருக்காது. அதன்மேல் ஒரு செருப்பு பட்டால் கதை முடிந்தது.

இவ்வளவையும் ஆர்வில்தான் எங்களுக்குச் சொன்னார். எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் எடுத்த புகைப்படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பின்னால் எந்த மலையின் தலையும் தெரியாதபடி நாலு பக்கமும் வெட்டியிருப்பார். ஸ்பெயின் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க்காரர்களின் சாப்பாட்டுக் கடையில் நீள மேசையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டியைக் கை மாற்றிக்கொண்டிருப்போம். நடுவில் மெல்ல போனை நீட்டுவார். "இந்த வருஷம் பூ எப்படி இருக்கு பாரு. எங்கேன்னு மட்டும் கேக்காதே." யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கும்வரை போனை உள்ளே வைக்கவும் மாட்டார்.

அபூர்வச் செடிகளைக் காக்கிற கழகத்துக்காரர்கள் அவரிடம் கெஞ்சிப் பார்த்தார்கள்.

"இடத்தை மாநில அலுவலகத்துல பதிவு பண்ணிடுங்க, ஆர்வில். அப்பதான் பாதுகாப்பு."

"பதிவு பண்ணினா வந்துடுவாங்க."

"யாரு?"

"அவங்கதான்."

அவங்க யார் என்பதும் ரகசியம்.

ஆனால் பாருங்கள், யாருக்குமே காட்டாத ரகசியத்தால் என்ன பிரயோஜனம்? என்றாவது ஒருநாள், உங்களைத் தனியாக ஓரம்கட்டி, "உன்கிட்ட மட்டும்" என்பார். மறுநாள் விடியற்காலையில் அவருடைய பிக்கப் வண்டியில் ஏறுவீர்கள். உங்கள் போன் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், அது சட்டம். வறண்ட ஏரியைச் சுற்றி, வந்த வழியிலேயே திரும்பி, வேலிக் கதவு ஒன்றைத் திறந்து மூடி, மறுபடி அதே கதவைத் திறந்து மூடி, உங்களுக்குத் தலை சுற்றும்வரை ஓட்டுவார். கடைசியில் வண்டி நிற்கிற வெள்ளை மேடு, ஊர் பெட்ரோல் பங்கிலிருந்து பார்த்தாலே தெரிகிற மேடுதான். நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்வீர்கள். பிறகு அவர், "காலைப் பாத்து வை" என்று உங்களை எச்சரித்துக்கொண்டே, முட்டியும் முழங்கையும் மண்ணில் பதிய மண்டியிட்டுப் படம் எடுப்பார். அந்த முட்டிக்கடியில் எத்தனை கன்றுகள் போயினவோ, யார் கண்டது?

இப்படி அழைத்துப் போகாத ஒரே ஆள் அவருடைய மனைவி மார்வா. மார்வா முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். "சலூன்ல ஒரு விஷயம் விழுந்தா சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா பரவிடும்" என்பது ஆர்விலின் கட்சி. அவருடைய காலுறையில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் களிமண்ணை வாரா வாரம் ஊறவைத்துத் தேய்ப்பவள் மட்டும் அவள்தான்.

விஷயம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது நெடுஞ்சாலை வேலை வந்தது. சாலை போடுகிற கம்பெனி ஒன்று சரளை தோண்ட இடம் கேட்டது. கவுண்டி சபை, அதாவது எங்கள் மாவட்ட நிர்வாகம், வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தது. ஒரு பக்கம் மேய்ச்சல் நிலம், ஒரு பக்கம் ஊற்று, ஒரு பக்கம் பழைய கல்லறை. எதுவுமே குறிக்காமல் வெறுமையாக இருந்தது ஒரே ஒரு மேடு. ஆர்விலின் மேடு. வெறுமையாக இருக்காதா பின்னே, அதற்குத்தானே அவர் இத்தனை வருஷம் பாடுபட்டார்?

அனுமதி கொடுக்கிற கூட்டத்துக்கு ஊரே திரண்டது. சபைத் தலைவர் க்ளின்ட் எச்செவெரி, ஆட்டு மந்தைக்காரர், பேச்சில் நிதானம். ஆர்வில் எழுந்து நின்றார்.  அந்தச் செடி போய்விட்டால் அந்த மனிதர் உடைந்துபோவார் என்று எங்களுக்குத் தெரியும்.

"இந்தக் குவாரி வரக்கூடாது. உலகத்துலயே வேற எங்கயும் இல்லாத ஒரு செடி அழிஞ்சிடும்."

"செடி எங்க இருக்கு, மிஸ்டர் டிங்லி?"

"அதைச் சொல்ல முடியாது."

"குவாரி இடத்துல இருக்கா?"

"இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

"அப்ப நாங்க எந்த இடத்தை விடணும்?"

"அந்த இடத்தை."

"எந்த இடத்தை?"

"சொன்னா அவங்க வந்துடுவாங்க."

"புல்டோசர் வருதுய்யா" என்று பின்வரிசையில் ஒருவர் முனகினார்.

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். "வேற யாருக்காவது இதைப் பத்தி எதாவது தெரியுமா?"

 தபால் ஆபீஸ் நதீன் கைப்பையைத் துழாவினாள். பாஸ்டர் கூரையைப் பார்த்தார். நான் என் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். சத்தியம் செய்தவன் என்ன செய்வேன், சொல்லுங்கள்? ஊரில் எனக்கு மட்டும்தானே தெரியும்.

தலைவர் ஓட்டெடுப்புக்குப் பேனாவை எடுத்தபோது மார்வா எழுந்தாள். கடையிலிருந்து நேரே வந்திருந்தாள், ஏப்ரன்கூடக் கழற்றவில்லை.

"க்ளின்ட், நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். எங்கேன்னு கேக்கலை. ஆர்வில் யாரையெல்லாம் வண்டியில ஏத்திட்டுப் போயி அந்தச் செடியைக் காட்டினாரோ, அவங்க மட்டும் கையைத் தூக்குங்க."

முதலில் நதீன். அப்புறம் பாஸ்டர். அப்புறம் நான். பிறகு வரிசை வரிசையாக, பல் டாக்டர், பெட்ரோல் பங்குக்காரர், குவாரிக்கு ஆதரவாகப் பேச வந்திருந்த டிராக்டர் டிரைவர் உட்பட, ஒருவரை ஒருவர் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே கை தூக்கினார்கள். கடைசியாக மேடையில் ஒரு கை எழுந்தது. க்ளின்ட் எச்செவெரியின் கை.

"தெரிஞ்சுதான் அங்கே தோண்டச் சொல்லப் போனீங்களா?" என்று நதீன் கேட்டாள்.

"சத்தியம் பண்ணிட்டேனே" என்றார் தலைவர், பாவமாக.

குவாரி வேறு பக்கம் போயிற்று. மேடு பதிவாயிற்று. ஆர்வில் மட்டும் வண்டி நிறுத்துமிடத்தில், இறந்த வீட்டில் நிற்பவர் போல நின்றுகொண்டிருந்தார். "உனக்கு எப்படித் தெரியும், மார்வா? எல்லாரும் போனாங்கன்னு?"

"முடி வெட்டிக்க உக்காந்தாங்கன்னா சொல்லுவாங்க. உன்கிட்ட மட்டும்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. நான் யார்கிட்டயும் சொன்னதில்லை."

ஆர்வில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதார் என்றே நினைக்கிறேன்.

அடுத்த ஜூனில், பூ வந்த வாரத்தில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுடைய கடை வாசலில் போய் நின்றார். அவள் எனக்கு அப்போது முடி வெட்டிக்கொண்டிருந்ததால் அதை என் காதாலேயே கேட்டேன்.

"மார்வா, வா. நேர் வழியிலயே கூட்டிட்டுப் போறேன். நீ பாக்கவே இல்லையே."

மார்வா கத்தரியை நிறுத்தவில்லை. "ஊரே போய் மிதிச்சாச்சு, ஆர்வில். அதை மிதிக்காத ஆளுன்னு நான் ஒருத்தியாவது இருந்துட்டுப் போறேன்."

அவ்வளவுதான், வாசகரே. ரகசியக் காவலரைக் கண்டு சிரித்தாயிற்றா? சரி. யாருக்கும் தெரியாத அருவி ஒன்றை நீங்களும் கண்டுபிடித்திருப்பீர்கள். கூட்டம் வராத கடற்கரை ஒன்று, மான் தண்ணீர் குடிக்க வருகிற குட்டை ஒன்று. கண்டிப்பாக யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். உங்கள் மைத்துனர் ஒருவரைத் தவிர. அவரும் சொல்லியிருக்க மாட்டார். போன தடவை நீங்கள் போனபோது, அங்கே தண்ணீர் பாட்டிலும் முறுக்குக் கவரும் கிடந்ததைப் பார்த்து, அவங்க வந்துட்டாங்க என்று கோபப்பட்டீர்களே, நினைவிருக்கிறதா?