பூஜ்யம் விலைப்புள்ளி ஆகாது

ஒரு வீட்டுக்குள் கணினி வந்து இறங்குவது பெரிய காரியமில்லை. வந்த கணினிக்கு என்ன வேலை கொடுப்பது என்பதுதான் பெரிய காரியம். அதிலும் கண்காணிப்பாளர் வீட்டில் எந்தக் காரியமும் சின்னக் காரியமாக இருந்ததில்லை.

கணினி வந்த அன்றே அதன் முதுகில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு எண் எழுதினார். கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் ஏற்கெனவே எண் உண்டு. அந்த வீட்டில் எண் இல்லாமல் நடமாடுகிறவர்கள் மனைவியும் மகளும் மட்டும்தான். அதற்கு விதியில் இடமில்லை என்பதால் விட்டுவைத்திருந்தார்.

நகர அலுவலகத்தில் கொள்முதல் பிரிவுக்கு அவர்தான் கண்காணிப்பாளர். குண்டூசி முதல் குப்பை லாரி வரை, ஊருக்கு எது வேண்டுமென்றாலும் அவர் மேஜையைத் தாண்டித்தான் வரவேண்டும். பெரும்பாலானவை தாண்டியதில்லை. அதற்காக அவரைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். காலையில் முதல் ஆளாகப் போய், பெருக்குகிறவர் வந்து நாற்காலியைத் தூக்கும்வரை உட்கார்ந்திருப்பவர். ஒரு பொருளை வாங்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது வாங்கித் தள்ளுகிறவர்களுக்குத் தெரியாது.

அவர் மனைவிக்கு ஒரு ஆசை வந்தது. நகர நூலகத்தில் உதவியாளர் வேலை காலியிருந்தது. மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு பகலெல்லாம் சுவரோடு பேசி, சுவருக்கே அலுத்துவிட்ட நிலைமை அவளுக்கு. வயது வரம்பு இந்தத் தடவையோடு முடிகிறது. இதை விட்டால் ஆயுசுக்கும் கிடையாது. விண்ணப்பத்தைக் கணினியில் அடித்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

“என்னங்க, இந்தக் கம்ப்யூட்டர்ல எழுதற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டுக் கொடுங்க. ஒரே ஒரு பக்கம் அடிக்கணும்.”

“போட்டுக் கொடுக்கிறதா?” கண்காணிப்பாளர் சட்டைப் பொத்தானைக் கழற்றாமல் அப்படியே நின்றார். “அதை வாங்கணும். வாங்கறதுக்கு முன்னாடி தேர்ந்தெடுக்கணும். தேர்ந்தெடுக்கணும்னா மூணு விலைப்புள்ளி வேணும். அதுக்கு முன்னாடி தேவை இருக்கான்னு பார்க்கணும். ஒரு பக்கத்துக்கு ஒரு மென்பொருளா? தேவை போதாதே!”

“அப்போ தெருமுனைக் கடையில அடிச்சுக்கறேன்.”

“வீட்ல கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு வெளியே கொடுத்தா நாளைக்குத் தணிக்கையில நான் என்ன பதில் சொல்றது?”

“யாருங்க நம்ம வீட்டைத் தணிக்கை பண்றது?”

“இதுவரைக்கும் பண்ணலை. அதனாலதான் ஜாக்கிரதையா இருக்கணும்.”

மறுநாளே சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ‘இல்லக் கணினி அலுவலக மென்பொருள் தேர்வுக் குழு’ கூட்டப்பட்டது. தலைவர் கண்காணிப்பாளர். உறுப்பினர்கள் மகளும் மைத்துனனும். மனைவி பயனாளி என்பதால் குழுவில் சேர்க்கப்படவில்லை. டீ கொண்டுவருவதற்குத் தடையில்லை.

மைத்துனனைக் குடும்பத்தில் எல்லோரும் ‘அப்டேட்’ என்றே கூப்பிடுவார்கள். புதிதாக எது வந்தாலும் முதலில் வாங்கிவிட்டு, அது எதற்கு என்று பிறகு விசாரிக்கிற வம்சம். கையில் ஒரு கடிகாரம் கட்டியிருப்பான். அவன் எத்தனை அடி நடந்தான், எத்தனை தடவை மூச்சு விட்டான் எல்லாம் சொல்லும். மணி கேட்டால் மட்டும் சார்ஜ் இல்லை என்னும்.

“முதல் பொருள், தேவை,” என்று தலைவர் தொண்டையைச் செருமினார். “ஒரு பக்க விண்ணப்பம் தவிர வேற என்ன தேவை இருக்கு? தாராளமாச் சொல்லலாம்.”

“வீட்டுச் செலவைக் கலர்கலரா வட்டம் போட்டுப் பார்க்கலாம் அத்தான்,” என்றான் அப்டேட். “இப்ப எல்லாரும் அப்படித்தான் பார்க்கறாங்க. எங்க வீட்ல போட்டிருக்கேன். பாதி வட்டம் சிவப்பு.”

“சிவப்புன்னா?”

“அது இன்னும் தெரியலை. ஆனா பார்க்க நல்லா இருக்கும்.”

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “டப்பாவைத் தொறந்தா காலின்னு தெரியுது. அதுக்கு வட்டம் எதுக்குடா?”

“பயனாளி குறுக்கிடக் கூடாது,” என்று தலைவர் நினைவூட்டினார். வட்டத்தோடு, ஆபீஸ் கூட்டங்களில் திரையில் போட்டுக் காட்டுகிற படக்காட்சியும் தேவையில் சேர்க்கப்பட்டது. எதைக் காட்டுவது, யாருக்குக் காட்டுவது என்பதைப் பின்னர் முடிவு செய்யலாம் என்று விட்டார்கள். தேவை ஒருவழியாகப் போதுமானதாயிற்று.

அடுத்து மூன்று விலைப்புள்ளிகள்.

அப்டேட் கொண்டுவந்தது எல்லாவற்றையும் விடப் புதியது. “இதை நம்ம கம்ப்யூட்டர்ல போடவே வேண்டாம் அத்தான். எல்லாம் மேல எங்கயோ இருக்கும். மாசாமாசம் கட்டிட்டே இருந்தா போதும்.”

“எங்கயோன்னா, யார் பொறுப்புல?”

“யார் பொறுப்புலயும் இல்லை. அதுதான் இப்போ ஃபேஷன்.”

“காணாமப் போனா யாருக்கு மெமோ கொடுக்கறது?”

அப்டேட் கடிகாரத்தைப் பார்த்தான். அதற்கும் தெரியவில்லை.

“கட்டறதை நிறுத்தினா?”

“நின்னுடும்.”

“அப்போ இது கொள்முதலே இல்லை மாப்ளே. வாடகை! வாடகைன்னா கட்டடப் பிரிவு பார்க்க வேண்டியது. என் அதிகார எல்லைக்கு வெளியே.” தலைவர் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார். கட்டடப் பிரிவு அந்த வீட்டில் இல்லாததால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மகள் பொறுமையிழந்தாள். “அப்பா, என் காலேஜ்ல எல்லாரும் வெச்சிருக்கிறது இது. இலவசம். இறக்கினா ரெண்டு நிமிஷத்துல வந்துடும். அம்மா இன்னைக்கே அடிச்சு அனுப்பிடலாம்.”

“விலை?”

“இலவசம்பா.”

“அது சரிம்மா. விலை என்ன?”

“பூஜ்யம்.”

கண்காணிப்பாளர் பரிவோடு மகளைப் பார்த்தார். பாடப் புத்தகம் எவ்வளவு படித்தாலும் உலகம் தெரியாமல் வளர்ந்துவிட்ட பிள்ளை. “பூஜ்யம் விலைப்புள்ளி ஆகாது கண்ணு. இருக்கிறதிலேயே குறைஞ்ச விலையைத்தான் எடுக்கணும். விலையே இல்லாதது எப்படிக் குறைஞ்ச விலை ஆகும்? ஓட்டப்பந்தயத்துக்கு வராதவன் முதல்ல வந்தான்னு பரிசு கொடுக்க முடியுமா?”

“சரி, விலை வேண்டாம். சும்மா வாங்கிக்கலாம்.”

“சும்மா வாங்கினா அது நன்கொடை. நன்கொடை வாங்க மேலிடத்து அனுமதி வேணும்.”

“இந்த வீட்ல மேலிடம் யாருப்பா?”

குழு முழுவதும், தலைவர் உட்பட, அடுப்படிப் பக்கம் திரும்பியது.

“நான் அனுமதி கொடுத்துட்டேன்!” என்று டீத் தட்டோடு மனைவி ஓடிவந்தாள்.

“நீ பயனாளி. பயனாளியே அனுமதி கொடுத்தா என்ன பேர் தெரியுமா? கையும் களவுமா மாட்டிக்குவோம்.”

மிஞ்சியது கடைவீதிக் கம்ப்யூட்டர் கடைக்காரர் எழுதிக் கொடுத்த பழைய வகை. ஒரே தடவை காசு, சி.டி.யில் வரும், வாரண்டி உண்டு. மனைவியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. தலைவரும் அந்தத் தாளை நெடுநேரம் ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“மத்த ரெண்டும் தள்ளுபடி ஆயிடுச்சு. இப்போ இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. ஒத்தை விலைப்புள்ளியை ஏத்துக்கக் கூடாதுன்னு விதி.”

தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தார். ‘மேற்படி மூன்றையும் நுணுகிப் பரிசீலித்த குழு, ஒன்று வாடகையாக இருப்பதாலும், ஒன்று விலையின்றி இருப்பதாலும், எஞ்சியது ஒன்றாக இருப்பதாலும், அனைத்தையும் நிராகரித்து, மீண்டும் விலைப்புள்ளி கோருவதென ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.’

“ஒருமனதாவா? நான் எதிர்த்தேனே!” என்றாள் மகள்.

“எதிர்ப்பும் ஒருமனதாகப் பதிவு செய்யப்பட்டது.”

அதுவரை கணினியை யாரும் தொட்டுவிடாமல் இருக்கக் கடவுச்சொல் வைத்து, அதை ஓர் உறையில் போட்டு, அரக்கு வைத்து, பீரோவில் பூட்டினார். குழு முன்னிலையில் மட்டுமே பிரிக்கலாம்.

மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குப் பதில் இருந்தது. தட்டுகளைக் கழுவியபடி, “எனக்கென்னங்க, இத்தனை வருஷம் இருந்த மாதிரி இருந்துட்டுப் போறேன்,” என்று மட்டும் சொன்னாள். அதற்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லை. கண்காணிப்பாளர் ஒரு துணியை எடுத்து, அழுக்கே இல்லாத கணினியைத் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தணிக்கை வந்தால் வரட்டும் என்று அவள் தெருமுனைக் கடைக்குப் போனாள். அங்கிருந்த கணினித் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ‘புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்.’

“காலையிலேர்ந்து இப்படித்தான்மா சுத்துது,” என்றார் கடைக்காரர், அதையே பார்த்தபடி. “முடிஞ்சா புதுசா என்னமோ வருமாம்.”

“பழசு நல்லாத்தானே இருந்தது?”

“ஆமா. அதனாலதான் புதுப்பிக்குதாம்.”

அவள் அங்கேயே இரண்டு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும் வாங்கி, கண்ணாடிப் பெட்டிமேல் வைத்து, கையாலேயே விண்ணப்பம் எழுதினாள். பஸ் பிடித்துப் போய் நூலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். அடித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்களே, கிழித்துப் போடத்தான் போகிறார்கள் என்று அன்று ராத்திரி அவரிடமும் சொல்லி, அத்தோடு அதை மனதிலிருந்து கழித்தும்விட்டாள்.

மாதம் ஒன்று போனது. மறு விலைப்புள்ளிக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஒரு நாள் மாலை கண்காணிப்பாளர் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, வேலை கிடைச்சுடுச்சு! திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க!”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க விதியைப் பிடித்துக்கொண்டார். “கையால எழுதினதை எப்படி ஏத்துக்கிட்டாங்க?”

“அதையேன் கேட்கறீங்க. மலைமாதிரி வந்து குவிஞ்சிருக்காம். எல்லாம் கம்ப்யூட்டர்ல. ஒண்ணைக்கூடத் திறக்க முடியலையாம். நூலகத்துக் கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேரே கிடையாதாம்! கேட்டுக் கேட்டு எழுதி, அந்த நூலகருக்கு முடியே கொட்டிப்போச்சு. அவரால படிக்க முடிஞ்ச ஒரே விண்ணப்பம் என்னுதுதான்.”

“அக்கிரமம்!” கண்காணிப்பாளர் கொதித்தார். “ஒரு பொது நூலகத்தை இப்படியா வெச்சிருப்பாங்க? எவன் மேஜையில தூங்குதாம் அந்தக் கோப்பு?”

மனைவியும் மகளும் அவரையே பார்த்தார்கள்.

மெல்ல ஞாபகம் வந்தது. ஒரு பச்சைக் கோப்பு. ‘நூலகத்தில் எழுதியவை ஏராளமாக இருக்கும்போது, மேலும் எழுதுவதற்கு மென்பொருள் எதற்கு என்பதை விளக்குக’ என்று அவர்தான் குறிப்பெழுதித் திருப்பியிருந்தார். விளக்கம் வந்தது. விளக்கத்துக்கு விளக்கம் கேட்டிருந்தார்.

கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. அந்த நூலகரின் தலை கண்ணுக்குள் வந்து நின்றது. “நாளைக்குக் காலையில முதல் வேலையா கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்,” என்றார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை.

“ஐயையோ!” மனைவி பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “கெடுத்தீங்களே! இப்போ கொடுத்திருக்கிறது தற்காலிகம்தாங்க. சாஃப்ட்வேர் வந்ததும் மத்த விண்ணப்பத்தையெல்லாம் திறந்து பார்த்துட்டுத்தான் நிரந்தரம் யாருக்குன்னு முடிவாம். அதுல எத்தனை எம்.ஏ. படிச்சவங்க இருக்காங்களோ!”

குழுக் கூட்டத்தில் எதிர்ப்புப் பதிவு செய்த மகள் போய் ஜன்னலைச் சாத்தினாள். பக்கத்து வீட்டு அக்காவும் அந்த வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள்.

கண்காணிப்பாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. “இதோ பாரு, வேணும்னே ஒரு கோப்பைக் கிடப்புல போடறது என் பிறவியிலேயே கிடையாது. அது என் மனசாட்சிக்கு விரோதம்.”

“சேச்சே, கிடப்புல போடுங்கன்னு நான் சொல்வேனாங்க? எப்பவும் போல விதிப்படியே பாருங்க. எனக்கு அது போதும்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் வேலையின்மீது இவ்வளவு நம்பிக்கையாக வீட்டில் ஒருவரும் அதுவரை பேசியதில்லை.