அஞ்சலிப் பக்கத்தில் சுழன்ற சக்கரம்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் நலம். அங்கே நலமா என்று கேட்கும் தகுதி இப்போது எனக்கு இல்லாததால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உங்கள் அக்கா போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. இத்தனை நாளில் நீங்கள் என்னிடம் பேசிய ஒரே சொல் "வெச்சிடுங்க" என்பது. அதுவும் தொலைபேசியில். நானும் வைத்துவிட்டேன். "மாமா உங்க பேச்செடுத்தாலே எழுந்து போயிடறாருப்பா, நான் என்னதான் பண்றது?" என்று என் மகள் அழுகிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே அவள் இடிபடுவதை என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்தபின் மன்னிப்பதோ கிழித்துப் போடுவதோ உங்கள் விருப்பம்.

நான் அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவன் என்பது உங்களுக்குத் தெரியும். சம்பந்தம் பேச வந்த அன்றே உங்கள் முகவரி அட்டையில் ஓர் ஒற்று விடுபட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி உங்கள் முகத்தைச் சுண்டவைத்தவன். ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்க மாட்டாமல் நம் இரு பக்கத்து உறவினர்களுக்கும் பொதுவாக ஓர் இணையதளம் தொடங்கினேன். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு வேலை மாறியது, யார் காலமானார் என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கட்டும் என்பது எண்ணம். அதற்கான மென்பொருளை ஒரு நிறுவனத்திடம் வாங்கினேன். 'வாழ்நாள் முழுவதும் உதவி' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்த விளம்பரத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாததால் யோக்கியர்கள் என்று நம்பிவிட்டேன். வினையை விலை கொடுத்து வாங்குவது என்று சொல்வார்களே, என்னிடம் அதற்கு ரசீதே இருக்கிறது.

அக்கா போன செய்தி வந்த அன்று மதியமே என் மனைவி பேருந்து ஏறிவிட்டாள். நான் மட்டும் அறிவிப்பைப் போட்டுவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லி வீட்டில் தங்கினேன். ஏனோதானோவென்று எழுத மனம் வரவில்லை சம்பந்தி. தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் இணைப்பு கொடுத்தவர், ஒருவரையும் பாதியில் அறுத்துவிடாதவர், தாயில்லாத தம்பியைத் தன் சம்பளத்தில் ஆளாக்கியவர் என்று ஒவ்வொரு வரியையும் நான்கு முறை திருத்தினேன். தொலைபேசியைக் காதில் வைத்துச் சிரிக்கும் அவருடைய பழைய படத்தைப் போட்டேன். கீழே 'அஞ்சலி செலுத்த இங்கே அழுத்தவும்' என்று ஒரு பொத்தான். திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிழையே இல்லை.

மறுநாள் காலை கிளம்பிச் செருப்பு மாட்டும்போது என் ஒன்றுவிட்ட தம்பி அழைத்தான். "அண்ணே, அக்கா படத்தைத் தொட்டா சூதாட்டச் சக்கரம் சுத்துதே, என்னண்ணே இது?" என்றான். நான் பார்த்தேன். படம் அமைதியாக இருந்தது. உன் கைப்பேசியில்தான் கோளாறு என்று சொல்லி வைத்தேன். அடுத்து உங்கள் சித்தி மகள். "அஞ்சலிய அழுத்தினா பத்து நாள்ல பத்து வயசு குறையும்னு மாத்திரை விக்கிறாங்க. செத்தவங்களுக்கு எதுக்குங்க வயசு குறையணும்?" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். மூன்றாவதாக அழைத்தவர், படத்துக்குக் கீழே 'வாழ்த்துகள்! இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கள்தான்!' என்று மின்னுவதாகவும், கூடவே மேளமும் கைதட்டலும் கேட்பதாகவும் சொன்னார். என் கணினியில் மட்டும் அக்கா அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். 'தங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதில் வந்தது. நான் எங்கே பொறுமையாக இருந்தேன் என்று தெரியவில்லை. சக்கரத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். எனக்குத்தான் அது தெரியவில்லையே என்று எழுதினேன். தெரியவில்லையென்றால் பிரச்சினை தீர்ந்தது என்று குறித்துக்கொண்டு புகாரை முடித்துவிட்டார்கள். மறுபடி புகார் செய்தேன். பக்கத்தின் தலைப்பிலிருந்த பெயரை வாடிக்கையாளர் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, பதில் அக்காவின் பெயருக்கே வந்தது: 'அம்மையீர், தாங்கள் முழு நிறைவுடன் இருப்பீர்கள் என நம்புகிறோம். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' இதைப் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து அழுதேன். அக்கா அந்த உதவிப் பிரிவில், தன் பழைய தொலைபேசி இணைப்புப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தால் "இருங்க, போயிடாதீங்க, நான் பாக்குறேன்" என்று சொல்லி, உண்மையாகவே பார்த்திருப்பார்.

பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அந்த மென்பொருளின் நிரலை முழுக்க அச்செடுத்தேன். இருநூற்றுப் பதினான்கு பக்கம். சிவப்புப் பேனாவை எடுத்து நான்கு நாள் உட்கார்ந்து பிழை திருத்தினேன். முற்றுப்புள்ளி இல்லாத இடத்தில் புள்ளி வைத்தேன். தேவையில்லாமல் திறந்து கிடந்த அடைப்புக்குறிகளை மூடினேன். ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்த இடங்களில் ஒன்றை அடித்தேன். எல்லாத் திருத்தங்களையும் கணினியில் ஏற்றினேன். தளம் மொத்தமும் மறைந்து வெள்ளையாகிவிட்டது. ஆனால் சக்கரம் மட்டும் நன்றாகச் சுழல்வதாக ஒன்றுவிட்ட தம்பி அழைத்துச் சொன்னான்.

கடைசியில் பக்கத்துத் தெருவில் கணினி பழுதுபார்க்கும் அம்மாளிடம் போனேன். 'திருப்புளி' என்றால்தான் தெருவில் எல்லோருக்கும் தெரியும். என் சிவப்புப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு அழகா ஒரு வீட்டை இடிச்சு நான் பாத்ததில்ல ஐயா" என்றார். பழைய நிரலைத் திரும்ப ஏற்றி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பக்கத்தின் அடிப்பகுதியை வரையும் கோப்பில், யாரும் போகாத மூலையில், ஒரே ஒரு வரி. அர்த்தமில்லாத எழுத்துகளாக இரண்டரைப் பக்கத்துக்கு நீண்டது. அதை நான் பார்த்திருந்தேன் சம்பந்தி. ஏதோ வேற்றுமொழி மேற்கோள் என்று எண்ணி, மேற்கோள்குறி போட்டுவிட்டு நகர்ந்திருந்தேன்.

"வெளியிலேருந்து திருடன் வரல ஐயா. வீடு கட்டும்போதே செவுத்துக்குள்ள வெச்சுப் பூசிட்டாங்க. நீங்க வாங்கினதுலயே இருக்கு," என்றார் திருப்புளி. எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். "நீங்க கடவுச்சொல் போட்டு உள்ள போய்ப் பாக்குறீங்க. உள்ள வந்தது ஓனர்னு தெரிஞ்சா அது ஒளிஞ்சுக்கும். மத்தவங்களுக்கு மட்டும் ஆட்டம் காட்டும்," என்றார். என் வாழ்நாளில் பார்த்த பிழைகளெல்லாம் அப்பாவிகள். எவனும் என் தலையைக் கண்டதும் ஒளிந்துகொண்டதில்லை.

இந்த வரியை வெட்டியெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பதை அன்றுதான் நேரில் கண்டேன். அது பிழையல்ல, கூடுதல் வசதி என்றார்கள். வேண்டாமென்றால் உயர்ந்த பதிப்பை வாங்க வேண்டுமாம். வாழ்நாள் உதவி என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்தப் பதிப்பின் வாழ்நாளைத்தான் சொன்னார்களாம், அது சென்ற மாதமே முடிந்துவிட்டதாம். அன்றே தளத்தை மூடும்படி திருப்புளியிடம் சொல்லிவிட்டேன்.

சம்பந்தி, உங்களைத் தாயாக வளர்த்தவரின் படத்துக்கு அடியில் சூதாட்டச் சக்கரம் சுழன்றதற்கு நானே பொறுப்பு. அதைக் கண்ட உங்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே எரிகிறது. எந்த முகத்தோடு உங்கள் வாசலை மிதிப்பேன்? சரிசெய்துவிட்டுத் தலைநிமிர்ந்து வரலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். என்மேல் உள்ள கோபத்தை என் மகள்மேல் காட்டாமல் இருப்பதற்கு உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தையும் மாப்பிள்ளைக்கு என் அன்பையும் சொல்லுங்கள். பேரனை என் சார்பில் ஒரு முறை தூக்கிக்கொள்ளுங்கள். எல்லோரும் நோய்நொடியின்றி இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கடிதத்தை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "சம்பந்திக்கு இந்தச் சக்கரமெல்லாம் தெரியவே தெரியாது. அவரு அந்தப் பக்கத்தைப் பாக்கவே இல்ல," என்றாள். அப்படியானால் எதற்கு என்மேல் கோபம் என்று கேட்டேன். "மூணு நாள் அவரு பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டு வெச்சிருந்தாரு. யாரு உக்கார வந்தாலும், என் சம்பந்தி வருவாரு, அவருக்குன்னு சொல்லிட்டாரு. நாலாவது நாள் அவரே அதை எடுத்து உள்ள போட்டாரு." இதை ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். "நான் அங்கேருந்து வந்ததுலேருந்து சக்கரத்தைப் பத்தியே பேசுறீங்க. அவரு எப்படி இருக்காருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை சம்பந்தி. ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நாளைக் காலை முதல் பேருந்தில் நானே கொண்டு வருகிறேன். இந்த வரியை நீங்கள் படிக்கும்போது உங்கள் எதிரில்தான் நிற்பேன். இதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, வாய்விட்டுத் திட்டுங்கள்.