தரையில் முளைத்த தாடி

பெண்டாட்டி சொன்னபடியே ஒரு வேலையைச் செய்துவிட்டால் அப்புறம் ஆண்பிள்ளை என்னத்துக்கு என்பது துளசிங்கத்தின் கொள்கை. தரை ஓடுகளின் இடுக்கில் சுண்ணாம்பு உதிர்ந்தபோதும் அதைத்தான் கடைப்பிடித்தான். "தோப்புக் கெணத்துலேர்ந்து நல்ல தண்ணி கொண்டாந்து கொழை" என்று சொல்லிவிட்டு இருசம்மாள் நண்டு விற்கப் போனாள். தோப்பு தொலைவு. கடலோடு கலக்கிற ஏரியோ வாசலிலேயே கிடந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பை ஏரித்தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டு, தோப்புக்கு நடையாய் நடந்தவன் மாதிரி பெருமூச்சும் விட்டான்.

உலாந்தாக்காரன் என்று ஊர் சொல்லும் ஒரு டச்சுக்காரன் செத்தபின் அவன் வீட்டை இடித்தபோது, துளசிங்கத்துக்குக் கூலியாகக் கிடைத்த ஓடுகள் அவை.

சுண்ணாம்பு காய்ந்தது. மறுநாள் விடியலில் இடுக்குகளில் வெள்ளை வெளேரென்று மயிர் முளைத்திருந்தது. கூட்டித் தள்ளினான். அடுத்த நாள் இன்னும் நீளமாக வந்தது. மிதித்தால், தரைக்குள் யாரோ நறநறவென்று பல்லைக் கடித்தார்கள். பிறகொரு நாள் மூலை ஓடு தானாகவே எழும்பி நின்றது. உலாந்தாக்காரனுக்கு முழங்கால் வரை வெள்ளைத் தாடி இருந்ததை ஊரே பார்த்திருக்கிறது.

"இருசம்மா, எந்திரி! கீழ படுத்துக்கினு கீறான்டி!"

"யாரு?"

"ஓட்டுக்காரன். தாடி வளருது பாரு. வூட்ட வுட்டுட்டு எங்கூரு எளாவூருக்கே பூடலாம்."

"எங்க நைனா கட்டிக் குடுத்த வூடு. நான் வரமாட்டேன்."

அவள் குனிந்து அந்த வெள்ளை மயிரைத் தொட்டாள். தொட்ட விரலை வாயில் வைத்தபடி அப்படியே உறைந்து நின்றாள். துளசிங்கத்துக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நேத்து கனவுல வந்தான்யா" என்றாள் மெல்ல.

"இன்னா சொன்னான்?"

"தொண்டை வறளுதாம். இடுக்கெல்லாம் சுரண்டணுமாம். நல்ல தண்ணி ஊத்தி ஊத்தி அலசணுமாம். அப்பால நல்ல தண்ணில கொழச்சுப் பூசணுமாம். இல்லாங்காட்டி பூசினவனையே..."

"பூசினவனையே?"

"அதுக்குள்ள முழிப்பு வந்துட்ச்சு."

"உலாந்தாக்காரனுக்கு ஏதுடி தமிழு?"

"செத்தவனுக்கு எல்லா பாஷையும் வரும். வோணும்னா நீயே கேளு."

துளசிங்கம் கேட்கவில்லை. குடத்தைத் தூக்கினான். தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்குத் தண்ணீர் சுமந்தான். ஒவ்வோர் இடுக்கையும் ஆணியால் சுரண்டும்போது, உள்ளிருந்து ஒரு கை வந்து ஆணியைப் பிடித்துக்கொள்ளுமோ என்று உயிர் போய் உயிர் வந்தது. பிறகு ஒரு சொட்டு ஏரித்தண்ணீர் படாமல் குழைத்துப் பூசினான்.

தாடி அதற்கப்புறம் முளைக்கவே இல்லை. மூலை ஓட்டுக்குக் கற்பூரம் ஏற்றி, விழுந்து கும்பிட்டு எழுந்தான்.

"அவனுக்கு இன்னும் கோவம் இருக்குமாடி?"

"அவனுக்கு இன்னாய்யா கோவம்? எனக்குத்தான். அன்னிக்கு வெரல நாக்குல வச்சதுமே தெரிஞ்சுபோச்சு, ஏரி உப்புன்னு."