சாதியா பேரில் ஓடிய கார்

அன்பு மகன் ஆஷிக்குக்கு, தாராவியிலிருந்து உன் சாச்சா ஷாகுல் ஹமீது அஸ்ஸலாமு அலைக்கும் கூறி எழுதுவது. இவ்விடம் நானும் உன் சாச்சி பேகமும் என் மகள் சாதியாவும் அல்லாஹ் கிருபையால் சுகம். மான்குர்தில் நீயும் உன் உம்மா சுலைகாவும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை, ஆகையால் கடுதாசி. தமிழ் வாசிக்கத் திணறினால் உங்க உம்மாகிட்ட குடு, நான் பொய் சொன்ன இடம் வந்தா மட்டும் தாண்டிப் போகச் சொல்லு.

நம்ம பை தைக்கிற கார்கானாவில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏறாது என்றதும் நீ லினக்ஸ் போட்டுக் கொடுத்தாய் அல்லவா, அதாவது பட்டனைத் தட்டினது நீ, யோசனை என்னுது. இப்போ தொண்ணூறடி ரோட்டில் லினக்ஸ் பாய் எங்கேன்னு கேட்டாத்தான் எனக்கு வழி சொல்லுவாங்க. நெட்டு கேம் கடைங்க இருக்கே, ஸ்டீமில் வாங்கினது, எபிக்கில் சும்மா குடுத்தது, ஜிஓஜியில் தள்ளுபடியில் எடுத்தது எல்லா கேமையும் நீ வச்சிட்டுப் போன லூட்ரிஸ் சாஃப்ட்வேர் ஒரே வரிசையில் காட்டுது, எதைத் தட்டினாலும் ஏக்தம் உடனே ஓடுது. நம்ம கார்கானா மாதிரிதான், நாலு ஷோரூமுக்கும் ஒரே மேசையில பை தைக்கோம், லேபிள்தான் வேற. கள்ளாட்டம் புடிக்கிற காவல் சாஃப்ட்வேர் வச்ச ஒண்ணு ரெண்டு சண்டை ஆட்டம் மட்டும் லினக்ஸ்னு தெரிஞ்சதும் வாசல்லயே நிறுத்திருது. நான் நெனச்சா உள்ள போயிருப்பேன், மரியாதைக்காக விட்டுட்டேன்.

கடைகளில் கணக்குத் திறக்கும்போது நம்ம வழக்கப்படிதான் செஞ்சேன். கார்கானா லைசென்ஸ் சாச்சி பேரு, லைட் மீட்டர் உங்க உம்மா பேரு, எம் பேர்ல நான் எதையும் வைக்கிறதில்ல. அதேபோல ஸ்டீமுக்கு பேகம், எபிக்குக்கு சாதியா. எல்லா ஆட்டமும் ஒரே வரிசையில நிக்கிறதால எது எந்தக் கடை, எந்தக் கடை யாரு பேருன்னு நான் பாக்கல. நான் ஓட்டுற கார் ரேஸ் எபிக் கடையோடது, அது சாதியா பேர்ல இருந்திருக்கு. விக்ரோலி அல்தாப், அதான் நம்ம சாதியாவுக்குப் பேசி வச்சிருக்கிற மாப்பிள்ளை, அவன் பேர்லருந்து சேர்ந்து ஓட்டலாமான்னு கேட்டு வந்தது. மருமகன் மாமனாரைத் தேடி வாரானேன்னு எனக்கு நெஞ்சு விரிஞ்சு போச்சு. தினமும் அசர் தொழுதுட்டு ஓட்டினோம். எல்லா ஓட்டத்துலயும் ஜெயம் எனக்குத்தான், பையனுக்கு மூச்சு வாங்க நேரமில்ல.

நேத்து அல்தாபோட உம்மா ராபியா போன் பண்ணினாங்க. "அண்ணே, கார் ஓட்டுறது உங்க சாதியாதானே?"ன்னு கேட்டாங்க. அப்பத்தான் அந்தப் பேரு எனக்கு ஞாபகம் வந்தது. இல்ல, நான்தான்னு சொன்னா மகள் பேர்ல ஒளிஞ்சு மாப்பிள்ளையை ஏமாத்தின மாமனார்னு ஆயிரும், சம்பந்தம் முறிஞ்சிரும். எம் மகதான்னு சொல்லிட்டேன். அப்ப ஞாயித்துக்கிழமை வாரோம், பொண்ணு பக்கத்துல உக்காந்து அவ ஓட்டுறதைப் பாத்துட்டு நிக்காஹ் தேதி பேசுவோம்னு போனை வச்சுட்டாங்க. சாதியாவைக் கூட்டி உக்கார வச்சா எந்தக் காரும் சுவத்துலதான் போய் முட்டுது. "வாப்பா, எனக்கு அவரைப் புடிச்சிருக்கு. உங்க வெளையாட்டுல இது போச்சுன்னா நான் உங்ககூட பேசவே மாட்டேன்"னுட்டா. மகனே, எனக்கு நேத்துலருந்து சோறு இறங்கல. நீ சனிக்கிழமையே வந்து அவளைப் பழக்கு, இல்லன்னா லினக்ஸ் கெட்டுப் போச்சுன்னு அவங்ககிட்ட சொல்லு. அதையும் நீதான் சொல்லணும், என் வாயால சொன்னா என் பேரு என்னாவது.

உனக்கும் உங்க உம்மாவுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுசும் நெட்டு அறுந்துபோகாத வீடும் தருவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உன் சாச்சா ஷாகுல் ஹமீது

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். கவரை ஒட்டுறதுக்குள்ள சாதியா அல்தாபுக்கே போன் போட்டு உள்ளதைச் சொல்லிட்டா. அவன் அந்த ரேஸைத் தொட்டதே இல்லையாம். மருமகள் குணம் எப்படின்னு பாக்க மகன் பேர்ல ஓட்டினது ராபியா சம்மந்தியாம். அவங்களே மகன் போனை வாங்கி என்னைக் கூப்பிட்டு, "ஒரு தடவைகூட என்னைய முந்தலியே, மாமியாருக்கு வழிவிடுற பொண்ணுன்னுல்ல நெனச்சேன், நீங்களாண்ணே?"ன்னு சிரிச்சாங்க. நிக்காஹ் தேதியும் சொல்லிட்டாங்க. நான் வேணும்னேதான் வழிவிட்டேன். ஞாயித்துக்கிழமை அவங்க என்னோட நேர்ல ஓட்டணுமாம், உன் கேம் ஸ்டீரிங்கை மட்டும் குடுத்தனுப்பு.