அம்புக்குறி அண்ணா கீறாத படம்

கொழும்பில் ஒரு கோடுகூட நேராகக் கீறத் தெரியாமல், படங்களுக்காக ஊரோடு சண்டை பிடித்த ஒரே மனிதர் எங்கள் அம்புக்குறி அண்ணாதான்.

வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பனி இருந்தது. வைத்தியசாலைகளுக்கு மென்பொருள் செய்து விற்போம். அதைப் பாவிக்கும் முறையை இணையப் பக்கங்களில் விளக்கி எழுதுவது எனக்கும் அவருக்கும் வேலை. அவருடைய உண்மைப் பெயர் சம்பளம் போடுபவருக்கு மட்டும்தான் தெரியும்.

நோயாளி எங்கே பதிய வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று பெட்டியும் அம்புக்குறியும் போட்ட படங்கள் அந்தப் பக்கங்களுக்குத் தேவை. மற்றவர்கள் அழகாகக் கீறிக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். ஒட்டிய படத்தைக் கண்டாலே அண்ணாவுக்குக் காய்ச்சல்.

"தங்கச்சி, இந்தப் படத்தில ஒரு பிழை வந்தா என்ன செய்வீங்க?"

"கீறினவரைத் திருத்தச் சொல்லுவன்."

"அவர் இப்ப எங்க?"

"கனடாவில."

"அப்ப பிழை மட்டும் இங்க குடியிருக்கும்!"

அவருடைய வழி வேறு. பக்கத்துக்குள்ளேயே 'பதிவு --> டொக்டர்' என்று வெறும் எழுத்தில் தட்டுவார். பக்கத்தைத் திறந்தால் அந்த எழுத்தே பெட்டியாகவும் அம்பாகவும் மாறி நிற்கும். எழுத்தைத் திருத்தினால் படமும் திருந்திவிடும். இதை உருவாக்கியவர்கள் யாரோ வெளிநாட்டுக்காரர்கள். அண்ணா கதைப்பதைக் கேட்டால், கொட்டாஞ்சேனை வீட்டு அடுப்படியில் அவரே சமைத்து இறக்கியதுபோல இருக்கும்.

போகப்போக முற்றிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டுக் கடையில், "சோறு, அம்புக்குறி, மீன். மீன் இல்லாட்டி அம்புக்குறி, முட்டை" என்பார். "மஹத்தயா, அம்பு முடிஞ்சு. மீன் இருக்கு" என்று சிங்களத்து 'ஐயா' போட்டுச் சொல்வார் கடைக்காரர்.

தன் சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கு வழிகாட்டும் படத்தையும் இப்படியே செய்து அழைப்பிதழில் போட்டார். 'களனிப் பாலம் --> வத்தளை மண்டபம்.' இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மண்டபமும் பக்கத்தில்தான் என்று நம்பி, பாதிச் சொந்தக்காரர் பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்கள். பட்டுச் சேலையும் வியர்வையுமாக அவர்கள் வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. "வழி பிழைச்சதோ? இல்லைத்தானே!" என்று அண்ணா வாசலில் நின்று கேட்டாராம்.

மனேஜருக்கு இதெல்லாம் பிடிக்காது. "படமெண்டா படம், எழுத்தெண்டா எழுத்து. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க" என்று தடை போட்டுவிட்டார்.

ஒரு காலை, எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளர் வந்தார். ஒரு தனியார் வைத்தியசாலையின் நிர்வாகி, சிங்களப் பெண்மணி. ஒப்பந்தத்தை நீடிப்பதா என்று அன்று சொல்ல வேண்டும். அவர் இல்லை என்றால் எங்களில் பாதிப்பேருக்கு வேலை இல்லை.

பெரிய திரையில் இருந்த படத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகுதான் டொக்டர் என்று முறையை மாற்றி எவ்வளவோ காலம். படம் மட்டும் மாறவில்லை. புதுத் தாதிமார் அதைப் பார்த்து ஆட்களை மாறி அனுப்புகிறார்கள் என்று சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். இப்போதே திருத்த முடியுமா என்றும் கேட்டார்.

மனேஜர் கூரையைப் பார்த்தார். கனடா அந்நேரம் நித்திரையில் இருந்தது.

ஒருவரும் கூப்பிடாமலே அண்ணா எழுந்துபோய்க் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். பழைய படத்தைத் தூக்கினார், சில வரிகள் தட்டினார், பக்கத்தைத் திறந்தார்.

படம் வரவில்லை. அவர் தட்டிய எழுத்துகள் அப்படியே வரிசையாக நின்றன.

"முடிஞ்சுது" என்றார் மனேஜர், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அண்ணா திரையில் மூக்கு முட்டும்வரை குனிந்தார். படத்துக்கான எழுத்துக்கு மேலும் கீழும் ஒரு குறி போட்டு வேலி அடைக்க வேண்டும் என்று எனக்கு நூறு தரம் பாடம் எடுத்தவர். "ஐயோ தங்கச்சி, திறந்தனான், மூட மறந்திட்டன்!" என்று கத்திக்கொண்டு கீழ்க்குறியைத் தட்டினார்.

பெட்டிகள் எழுந்தன. முதலில் இரத்தப் பரிசோதனை, அம்பு, பிறகு டொக்டர்!

"ஷா! ஹரி ஷோக்!" என்று சிங்களத்தில் மெச்சிக்கொண்டு நிர்வாகி கதிரையை விட்டே எழும்பிவிட்டார். அண்ணாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சொற்களை மாற்றினார், அதே படம் சிங்களத்தில் நின்றது. மறுபடி மாற்றினார், தமிழில் நின்றது. அந்த அம்மா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, தானே சிங்களத்தில் 'மருந்து' என்று ஒரு பெட்டி சேர்த்து, அது திரையில் முளைத்ததும் கைதட்டிச் சிரித்தார். ஒப்பந்தம் அந்த மேசையிலேயே கையெழுத்தானது.

"மிஸ், நாங்க எப்பவும் இப்பிடித்தான் செய்யிறது" என்றார் மனேஜர். அடுத்த கிழமையே ஒட்டிய படங்கள் அத்தனையையும் தூக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று பின்னேரம் நானும் அண்ணாவும் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போய் இறால் வடை வாங்கினோம். அவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்தபடி இருந்தார். கண் கலங்கியிருந்தது. ஒரு சொல் கதைக்கவில்லை.

எனக்கு அது தாங்கவில்லை. "அண்ணா, அந்த வேலி அடைக்கிற கதையை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றேன்.