பூமாலை பெற்ற இங்கிலீஷ் பட்டம்

பொங்கலுக்கு வந்த மச்சான் பூமாலை, ஆடி பிறந்தும் ஊர் திரும்பவில்லை. கயிற்றுக் கட்டிலில் அவன். தரையில் பாயில், வீட்டுக்காரர் கோதண்டபாணி. விழுப்புரத்தில் அந்தத் தெருவுக்கே தெரிந்த சேதி இது. சன்னலைத் திறந்து போட்டால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

பெண்டாட்டியின் தம்பியைப் போகச் சொன்னால் பெண்டாட்டியும் கூடவே போய்விடுவாள். அடுப்பு மூட்டவும் தெரியாத கோதண்டபாணிக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே இங்கிலீஷில் திட்டிக்கொண்டார். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கம்பெனியில் குமாஸ்தா அவர். போகவர ரயிலில் அந்தப் பாஷையின் சொலவடைகளை உருப்போடுவது வழக்கம்.

பூமாலை கேப்பைக் கூழுக்கு மறுபடியும் வட்டிலை நீட்டிய ஒரு காலையில், "யூ ஆர் எ மில்ஸ்டோன் ரவுண்ட் மை நெக்!" என்றார், சிரித்த முகமாக. கழுத்தில் கட்டிய மாவரைக்கும் எந்திரக்கல்லாம். சுமக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது.

"இன்னா மாமா அது, மில்ஸ்டோனு?"

செண்பகம் கரண்டியும் கையுமாகப் புருஷனையே பார்த்தாள்.

"பட்டம் மச்சான். ராவ்பகதூர் கணக்கா. கனமான மனுசன்னு அர்த்தம்."

"எல்லாருக்கும் குடுப்பாங்களா?"

"சேச்சே. ரொம்ப வேண்டப்பட்டவங்களுக்கு மட்டும்."

பூமாலைக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்தவங்ககூட என்னை இப்படி மதிச்சதில்ல மாமா!"

அன்றைக்கே தன் ஊரான காணைக்குக் கிளம்பினான். கோதண்டபாணி கட்டிலில் கால் நீட்டிப் படுத்தார். கால் நீண்டது அந்த ஒரு ராத்திரிதான். விடிந்ததும் பெண்டாட்டி முனியம்மாளோடும் ஓர் ஆட்டுக்குட்டியோடும் பூமாலை வாசலில் நின்றான்.

"இவ்ளோ மதிக்கிற மனுசரை உட்டுட்டு எனக்கு ஊர்ல இன்னா வேலை?"

"எனக்கும் ஒரு பட்டம் குடுங்கண்ணே" என்றாள் முனியம்மாள்.

"தார்ன் இன் த ஃப்ளெஷ்." சதையில் ஏறிய முள்.

முனியம்மாள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். எதிர்வீட்டு வீரம்மாள் தனக்கும் ஒன்று கேட்டு அனுப்பினாள். கட்டில் போன வழியே பாயும் போயிற்று. கோதண்டபாணி மல்லாட்டைச் சாக்கை விரித்துக்கொண்டார். ஆட்டுக்குட்டிக்கு அந்தச் சாக்கின் வாசம் பிடித்துப்போனது.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கிளியனூர்ப் பக்கம் கம்பெனிக்கு ஒரு கிடங்கு உண்டு. காவல்காரன் வேலை காலி. குடியிருக்க வீடும் தருவார்கள். ஆடு மேயப் புல்லும் இருந்தது.

"வேலை கிடைக்குமாங்க?" என்றாள் செண்பகம்.

"என் பேச்சைத் தொரை தட்டிடுவாரா? நான் இல்லாட்டி அங்க ஒரு மூட்டை நகராது. நீ துணியை மூட்டை கட்டச் சொல்லு."

மறுநாள் பூமாலையைத் திண்டிவனத்துக்கு அழைத்துப்போய்த் துரை முன்னால் நிறுத்தினார். நேற்று வரை கட்டிலில் கிடந்தவன் விறைப்பாக நின்றான்.

"ஹூ இஸ் திஸ்?" என்றார் துரை.

கோதண்டபாணி வாயைத் திறக்குமுன் பூமாலை ஒரு சலாம் போட்டான். "மில்ஸ்டோன், தொரே! மாமாவுக்கு!"

துரை கண்ணாடியைக் கழற்றினார். அவனைப் பார்த்தார். கோதண்டபாணியைப் பார்த்தார். மறுபடியும் அவனைப் பார்த்தார்.

"அனதர் ஒன்?" என்றார். இன்னொன்றா என்று.

அடுத்து அவர் சொன்னதற்கு அர்த்தம் பூமாலைக்கே தெரிந்திருந்தது. இருவரும் வெளியே வந்தார்கள்.

"வேலை போனா போவுது மாமா. நம்ம ஊட்லயே இருந்துக்கறேன்" என்று பூமாலை ஆறுதல் சொன்னான்.

கோதண்டபாணி வேர்வையைத் துடைத்தார். "இன்னொன்னான்னு கேக்கறாரே. இந்தக் கம்பெனியில ஏற்கெனவே ஒன்னு எங்க இருக்குது?"

வாசல் பியூன் ஷாகுல் ஹமீது மரியாதையாக எழுந்து நின்றான். "இன்னா சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? நீங்க படி ஏறுறப்பல்லாம் தொரை உங்களைக் காட்டி, ஹெட் கிளார்க்குகிட்ட அந்தப் பட்டத்தைத்தானே சொல்லிக்கினு கீறாரு!"