முன்னூறாவது ஆள்

கடலோர மக்கள் கட்சித் தலைவர் ஹோகன் ஸ்டென்பேக் எங்கள் வீட்டு சவுனாவுக்குள் நுழைந்தபோது அவர் உடம்பில் இருந்தது ஒரு விண்ணப்பப் படிவம் மட்டும்தான். வெந்நீராவிக் குளியலறை அது; உள்ளே எண்பது டிகிரி. நானும் அப்பாவும் மேல்தட்டில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் பெரிய பேச்செல்லாம் சவுனாவில்தான் நடக்கும். துணியில்லாதவன் பொய் சொல்ல மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. அன்றோடு எனக்கு அது போய்விட்டது.

"தம்பி ரஸ்மஸ், ஒரு இனமே உன்னை நம்பி நிக்குதுப்பா" என்றார்.

"கதவைச் சாத்துங்க. சூடு போகுது" என்றார் அப்பா. அவர் ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுவார். நாலு அங்கேயே தீர்ந்தது.

விஷயம் இதுதான். எங்கள் ஊருக்கு ஸ்வீடிஷில் லேர்விக் என்று பெயர், ஃபின்னிஷில் சவிரந்தா. இரண்டு பெயரின் அர்த்தத்திலும் இருப்பது களிமண்தான். ஊரில் ஐயாயிரம் பேர். அதில் ஆறு சதவீதம் பேராவது ஸ்வீடிஷைத் தாய்மொழியாகப் பதிந்திருந்தால் ஊருக்கு இரண்டு மொழி. குறைந்தால் ஒன்று. ஆறு சதவீதம் என்றால் முன்னூறு பேர். பத்து வருஷமாகச் சரியாக முன்னூறு பேர் இருந்தார்கள். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, கட்சியிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், தொண்ணூற்று மூன்று வயது ஆல்கோத் பேக்மன் செத்துப்போனார்.

கட்சி அன்றே இரங்கல் அறிக்கை விட்டது. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு.' அதற்குக் கீழே, கட்சிக்காரர்களுக்கு மட்டும்: 'டிசம்பர் 31க்குள் ஈடுசெய்யப்பட வேண்டும்.'

"அவர் போனதில மொத்த ஜனத்தொகையிலயும் ஒண்ணு குறையுமே?" என்று கேட்டேன். கணக்கில் நான் அவ்வளவு மோசமில்லை.

"பார்த்துட்டோம். இப்போ இருநூத்தித் தொண்ணூத்தொன்பதே முக்காலே சொச்சம் பேர் வேணும். முக்கால் ஆள் கிடைக்கமாட்டேங்குது. இன்னும் பதினாறு ஃபின்னிஷ்காரங்க ஊரைக் காலி பண்ணினாலும் சரியாயிடும். பொருளாளர் ஒரு திட்டம் வச்சிருந்தார். செயற்குழு ஒத்துக்கலை."

"ஏன், மனசாட்சியா?"

"பதினாறுல ரெண்டு பேர் பொருளாளரோட மருமகன்கள்."

அதனால் பட்டியல் போட்டிருக்கிறார்கள். வீட்டில் இரண்டு மொழியும் புழங்க வேண்டும், பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், மனசு இன்னும் ஒரு பக்கமாகக் கெட்டிப்பட்டிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தியது நான் ஒருவன். மூன்றாவதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். வசந்தத்தில் நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது ஸ்வீடிஷ், ஃபின்னிஷ் இரண்டிலும் ஒரே மதிப்பெண்ணில் தோற்றிருந்தேன். இவ்வளவு நடுநிலையான ஆள் ஊரில் வேறு யாரும் இல்லையாம்.

என் அம்மா குனில்லா ஸ்வீடிஷ். அப்பா எஸ்கோ பெல்தோலா ஃபின்னிஷ். நான் பிறந்தபோது அம்மா மயக்கத்தில் இருந்தார். ஆஸ்பத்திரி படிவத்தில் 'தாய்மொழி' என்ற கட்டத்தை அப்பா நிரப்பினார். யோசித்தெல்லாம் எழுதவில்லை. அவருக்குத் தெரிந்ததை, ஃபின்னிஷ் என்று, எழுதினார்.

"சரி, ஸ்வீடிஷ்ல ரெண்டு வாக்கியம் பேசு, கேப்போம்" என்றார் ஸ்டென்பேக்.

பேசினேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"சூடா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல. நீ பேசாதே தம்பி. பதிவு மட்டும் பண்ணு. நம்ம மொழியைக் காப்பாத்தணும்னா நீ வாயைத் திறக்காம இருக்கணும்."

"உங்க பேரனைப் பதியச் சொல்லலாமே?"

"அவன் ஸ்டாக்ஹோம்ல இருக்கான். அழகா பேசறான். இங்க வந்தா கெட்டுப்போயிடும்."

படிவம் ஈரத்தில் கூழாகிவிட்டிருந்தது. புதிதாக ஒன்று அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, சவுனா வழக்கப்படி பனியில் குதிக்கப் போனார்.

மறுநாள் காலையில் தாய்மண் முன்னணியின் பிர்கோ ராசிலா வந்தார். கையில் ஒரு வாளி பட்டாணி சூப். இங்கே எந்தக் கட்சி ஓட்டுக் கேட்டாலும் பட்டாணி சூப்தான் ஊற்றும். கொள்கை வேறு வேறாக இருக்கும், சூப் ஒன்றுதான்.

"ரஸ்மஸ் கண்ணு, எங்க கட்சிக்கு உங்கிட்ட ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

"அப்புறம் சூப்பு?"

"அதான் சொல்றேனே. நீ ஒண்ணும் பண்ணாம இருக்கணும். அதுக்குத்தான் சூப்பு. உன்னைப் பத்தி ஊர்ல விசாரிச்சேன். உன்னால முடியும்னு எல்லாரும் சொல்றாங்க."

உண்மையைச் சொல்கிறேன், என்மேல் இவ்வளவு நம்பிக்கை யாரும் வைத்ததில்லை.

அடுத்த பதினெட்டு நாள் நான் இரண்டு கட்சி சூப்பையும் குடித்தேன். கடைத்தெருவில் ஸ்வீடிஷ்காரர்கள் எனக்குத் தொப்பியைக் கழற்றினார்கள். ஃபின்னிஷ்காரர்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவர்களிடம் அதுவே ஊர்வலம் மாதிரி. 'மொழிக்காவலர் ரஸ்மஸ்' என்று ஒரு பக்கச் சுவரொட்டி. 'ரஸ்மஸ், சும்மா இரு' என்று எதிர்ப்பக்கம். இரண்டாவதை என் பள்ளி ஆசிரியர்களும் முன்பே சொல்லியிருக்கிறார்கள், சுவரில் ஒட்டாமல்.

யாரும் பேசாத ஒன்று இருந்தது. என் அம்மாதான் ஊராட்சியின் மொழிபெயர்ப்பாளர். நாய் வரி அறிவிப்பிலிருந்து சாக்கடை டெண்டர் வரைக்கும் எல்லாவற்றையும் இருபத்திரண்டு வருஷமாக இரண்டு மொழியிலும் எழுதி வருகிறார். ஊருக்கு ஒரு மொழி ஆனால் ஜனவரி ஒன்று முதல் அம்மாவுக்கு வேலை இல்லை.

"ஏம்மா, நீ என்கிட்ட ஒண்ணுமே கேக்கலியே?"

"கேட்டா நீ எனக்காகப் பண்ணேன்னு ஆயிடும். அப்புறம் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவே."

"அதுவும் சரிதான்."

"பண்ணணும்னு தோணினா கணினியில ரெண்டு நிமிஷ வேலை. பண்ணிடு. பேசிட்டே இருக்காதே."

பண்ணிடலாம் என்று அன்றே முடிவெடுத்துவிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும், மொழிக்காக இல்லை, அம்மாவுக்காக. ஸ்டென்பேக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறிவிட்டார்.

"கணினியிலயா? வீட்டுல உக்காந்து தியாகம் பண்ணினா யார்ப்பா பாக்குறது? மேடை போடறோம். முப்பத்தொண்ணாம் தேதி, ஊராட்சி மண்டபத்துல. நீ மேடையில கையெழுத்துப் போடறே. பத்திரிகைப் புகைப்படக்காரர் வர்றார். அப்படியே கீழே இறங்கி, பதிவு ஜன்னல்ல குடுக்கறோம். பன்னெண்டு படிதான்."

புகைப்படம் என்றதும் தலையாட்டினேன். அன்று மாலையே போய் முடி வெட்டிக்கொண்டேன்.

ஆக டிசம்பர் 31, பகல் ஒரு மணி. மண்டபத்தில் இருநூறு பேர். கணினிப் பதிவு முந்தின நாளோடு முடிந்துவிட்டது; இனி கீழே பதிவு ஜன்னலில் இருக்கும் அவ்லிக்கி அம்மையார்தான். புத்தாண்டுக்கு முந்தின நாள் என்பதால் சரியாக இரண்டு மணிக்கு ஜன்னலை மூடிவிடுவார். போன வருஷம் அவர் தங்கையின் கை உள்ளே இருந்தபோதே மூடினார் என்பார்கள்.

ஸ்டென்பேக் பேச ஆரம்பித்தார். எழுபது தலைமுறை, கடல், மீன், பாட்டன்மார். ஐந்து நிமிஷத்தில் முதல் வரிசையிலிருந்து பிர்கோ ராசிலா எழுந்தார்.

"ஒண்ணும் விளங்கலை. இது இருமொழி ஊராட்சியோட மண்டபம். என் மொழியில கேக்குறது என் உரிமை."

ராசிலா பள்ளிக்கூடத்தில் ஸ்வீடிஷ் ஆசிரியையாக முப்பது வருஷம் வேலை பார்த்தவர். என்னை அதில் தோற்கடித்ததே அவர்தான். ஆனாலும் உரிமை உரிமைதானே. மண்டபத்தில் இருந்த இருநூறு பேருக்கும் இரண்டு மொழியும் தெரியும். ஒருவரும் எதிர்த்து வாய் திறக்கவில்லை. உரிமை என்று ஒருவர் சொன்னபிறகு எதிர்த்தால் நாளைக்கு நம் உரிமை என்ன ஆவது?

அம்மா ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றார். எழுபது தலைமுறையையும் ஃபின்னிஷில் முதலிலிருந்து சொன்னார். ஒரு மீன்கூட விடவில்லை. ஸ்வீடிஷில் முடிந்ததும் ஒரு கைதட்டல், ஃபின்னிஷில் முடிந்ததும் இன்னொரு கைதட்டல். இரண்டையும் தட்டியது அதே கைகள்தான்.

நான் மேடை நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் பேனா. புகைப்படக்காரர் என் முன்னால் மண்டியிட்டுக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே மைனஸ் பதினெட்டு. உள்ளே வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது.

"தெளிஞ்சிடும் தம்பி. அசையாதே."

ஒன்றே முக்காலுக்கு ஸ்டென்பேக் பாட்டன்மாரை விட்டு இறங்கி என்னிடம் வந்தார். "இந்த இளைஞனின் நாவில் நம் மொழி நடனமாடுகிறது, வருங்காலம் இவனைப் போற்றும்" என்றார். அம்மா அதை ஃபின்னிஷில் சொன்னார்.

"இந்த இளைஞனின் நாவில் அவர்கள் மொழி நடனமாடுகிறது, டேய் ரஸ்மஸ் இப்பவே எழுந்து கீழே போ, வருங்காலம் இவனைப் போற்றும்."

குரலில் எந்த மாற்றமும் இல்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

ஸ்டென்பேக் கையை உயர்த்தினார். "ஆட்சேபம்! நடுவுல ஒரு வாக்கியம் வந்துச்சே, அதை நான் சொல்லலை. மொழிபெயர்ப்பு மூலத்துக்கு உண்மையா இருக்கணும். நம்ம மொழிக்கு இழைக்கப்படுற அநீதியே இப்படித்தான் ஆரம்பிக்குது!"

"அந்த ஆட்சேபம் எனக்குப் புரியலை" என்றார் ராசிலா.

அம்மா ஆட்சேபத்தை மொழிபெயர்த்தார். தன்மேல் சொல்லப்பட்ட குற்றத்தையும் அட்சரம் விடாமல் சொன்னார்.

"சரி, அந்த உபரி வாக்கியம் குறிப்பேட்டுல ஏறணும். ரெண்டு மொழியிலயும்" என்றார் ராசிலா. ஸ்டென்பேக் உடனே வழிமொழிந்தார். அந்த இரண்டு கட்சியும் ஒரு தீர்மானத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

ஆகவே அம்மா அந்த வாக்கியத்தை ஸ்வீடிஷிலும் அதிகாரபூர்வமாகச் சொன்னார். செயலாளர் எழுதிக்கொண்டார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இருதரப்பும் படித்துப் பார்த்தார்கள். ஸ்டென்பேக் ஒரு காற்புள்ளி கேட்டார். கொடுத்தார்கள்.

மணி ஒன்று ஐம்பத்தேழு.

மூன்று நிமிஷம், பன்னிரண்டு படி. இரண்டு தடவை போய்வரலாம்.

"இதோ, ஓரம் தெளிஞ்சாச்சு. நடு மட்டும் பாக்கி" என்றார் புகைப்படக்காரர்.

கீழே ஜன்னல் விழுந்த சத்தம் மேலே வரை கேட்டது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ராசிலா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது என் தோளைத் தட்டி, "நான் சொன்னேனே கண்ணு, உன்னால முடியும்னு" என்றார்.

ஜனவரியில் ஆணை வந்தது. 'இவ்வூர் இனி ஒருமொழி ஊராகக் கருதப்படும் என்பது இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.' வருஷக் கடைசியில் ஊர் இருமொழியாக இருந்த காரணத்தால் ஆணையை இரண்டு மொழியிலும் வெளியிட வேண்டுமாம். அம்மாவை இரண்டு நாள் கூப்பிட்டு அதை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். செய்துகொடுத்துவிட்டு வந்து காபி போட்டார். என்னைத் திட்டவில்லை. அப்பா மட்டும் "முடி நல்லாயிருக்கு" என்றார். அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை.

படம் பத்திரிகையில் நன்றாகவே வந்தது. நடுவில் நான், பேனாவை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலை லேசாகச் சாய்ந்தபடி. பின்சுவரில் கடிகாரம் இரண்டுக்கு ஒரு நிமிஷம். பக்கத்தில் அம்மா, ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு, என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தபடி.

அப்போது அம்மா என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று எல்லாரும் கேட்கிறார்கள். குறிப்பேட்டில் அது இல்லை.

"டேய், ஓடு" என்றார்.

நான் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.